முருகையன் பின் சீட்டில் உட்கார்ந்த நாள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற வேன் ஸ்டாண்டில் நிற்பவர்கள் அத்தனை பேரும் டிரைவர்கள்தான். ஆனால் ‘டிரைவர்’ என்று மொட்டையாகச் சொன்னால் அது முருகையன் ஒருவரைத்தான் குறிக்கும். மற்றவர்கள் எல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள், அவ்வளவுதான். இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று விசாரித்தால், அதுவும் முருகையன்தான் என்று தெரியவரும்.

கீழ்பென்னாத்தூரில் அப்பா தன்னை மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை நிலத்தில், களை எடுக்கச் சொன்னார் என்று கோபித்துக்கொண்டு, மாட்டு லோடு லாரியில் கிளீனராக ஏறியவர். அங்கிருந்து மெல்ல ஸ்டியரிங்குக்கு நகர்ந்து, எவன் எவனுக்கோ ஓட்டி, கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளை வேன் வாங்கினார். வேளாங்கண்ணி, பழனி, சபரிமலை, திருப்பதி என்று இந்த ஜில்லாவில் பாதி ஜனத்துக்குச் சாமியைக் காட்டியது அந்த வேன்தான். “என் வண்டியில ஒரு கோழி அடிபட்டது கிடையாது” என்பார். போளூர் ரோட்டில் ஒரு கோழி அடிபட்டது ஊருக்கே தெரியும். கேட்டால், “அது தானா வந்து வுழுந்துச்சு. அது குடும்பத்துல இன்னா பிரச்சனையோ” என்பார்.

இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு கோளாறு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவரால் உட்கார முடியாது. டவுன் பஸ்ஸில் ஏறினாலும் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். வளைவு வந்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும். ஒரு தடவை கல்யாணத்துக்கு ராஜாவின் வேனில் போனார். ராஜா அதே ஸ்டாண்டுக்காரன், நல்ல பையன். ஆரணி போய்ச் சேர்வதற்குள் முருகையன் மிதித்த மிதியில் அவர் செருப்பு அறுந்துபோயிற்று. “கிளட்ச்ச தேய்க்கிறான், பிரேக்க கொல்றான், ஆரன்தான் ஒழுங்கா அடிக்கிறான்” என்று சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்தார். ராஜா சிரித்துக்கொண்டான். வேறு என்ன செய்வான்?

அவர் மனைவி பச்சையம்மாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீண்ட பயணம் போகிற வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர்கள் தூங்கக் கூடாது, டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சையம்மாள் அந்த சீட்டுக்கென்றே பிறந்தவள். நாத்தனார் நகையில் ஆரம்பித்தால் நாகப்பட்டினம் வரை தாங்கும். முருகையன் ‘உம்’ கூடக் கொட்ட மாட்டார். அவளும் அதை எதிர்பார்ப்பதில்லை.

போன கார்த்திகைக்குப் பிறகு ஒரு நாள், இரண்டு பேரும் வெறும் வண்டியோடு செங்கம் ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். முருகையன் கண்ணெதிரே இருந்த ரோடு திடீரென்று காணாமல் போயிற்று. அவள் போட்ட கூச்சலில் முழித்துப் பார்த்தால், வண்டி ரோட்டை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. கையை நீட்டினால் மரத்தைத் தொடலாம்.

“கொஞ்சம் கண் அசந்துட்டேன்மே” என்றார் முருகையன்.

“யார்கிட்ட கதை வுடற? நான் பேசறப்ப தூங்கின டிரைவர் இன்னும் பொறக்கல. இது மயக்கம்யா!”

அவள் சொன்னதுதான் சரி. மறுநாளே டவுன் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் ஓடினால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், மயக்கம் வரும், இது சரியாகும்வரை ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள் என்றார் டாக்டர். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னது மட்டும் முருகையன் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பச்சையம்மாள் கையைப் பிடித்து, இந்த விஷயத்தை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அண்ணாமலையார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊரில் யாரிடமும் எதையும் மறைத்துப் பழக்கமில்லாத அந்தப் பொம்பளை, இந்த ஒன்றை வயிற்றில் கல் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தாள்.

“வண்டிய ராஜா கையில குடுத்துடேன். நமக்கு இன்னா கொறச்சல்?” என்று தினமும் கேட்பாள்.

“அவன் கையில குடுக்கறதுக்கு ஏரியில தள்ளிட்டுப் போலாம். எனக்கு ஒண்ணும் இல்ல.”

ஒன்றும் இல்லாத மனிதர், சித்திரைக்கு ஒரு டிரிப்பும் ஒத்துக்கொண்டிருந்தார். அடி அண்ணாமலையில் ஒரு குடும்பம், பேரப்பிள்ளைக்கு மொட்டை போடத் திருப்பதி போகிறது. வண்டி நிறையக் குழந்தைகள். மலை மேலே வளைவு வளைவாக ஏறி இறங்க வேண்டும். அதை நினைத்தாலே பச்சையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியத்தை மீறினால் தெய்வக் குத்தம், மீறாவிட்டால் அத்தனை குழந்தைகள். அவள் என்னதான் செய்வாள்?

அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டிலிருந்து மகள் அருணாதேவி டிக்கெட் அனுப்பினாள். பொங்கலுக்கு வயிற்றுப் பிள்ளையோடு ஊருக்கு வந்து போனவளுக்கு இப்போது மாசம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்கு அம்மாவும் அப்பாவும் கூட இருக்க வேண்டும் என்றாள். ஸ்டியரிங்கிலிருந்து இந்த ஆளைப் பிய்த்தெடுக்க இதை விட்டால் வேறு வழி கிடையாது என்று பச்சையம்மாள் பெட்டியைக் கட்டிவிட்டாள். முருகையனும் கிளம்பினார். ஆனால் ஒரு கண்டிஷன். சித்திரை டிரிப்புக்கு முன்னால் அவர் மட்டும் திரும்பி வந்துவிடுவார்.

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் அவமானம் காத்திருந்தது. சக்கர நாற்காலிகள், ஆளுக்கு ஒன்று. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள். அப்பா அம்மா வழி தெரியாமல் முழிக்கக் கூடாதென்று வீல் சேருக்கு எழுதிவிடுகிறார்கள். தள்ளுகிற ஆளே எல்லாக் கவுண்டரையும் தாண்ட வைத்து சீட்டில் உட்கார வைத்துவிடுவார். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிற முருகையனுக்கு எப்படி இருக்கும்?

“எனக்கு காலு இருக்குது தம்பி.”

“சார், உக்காந்தாத்தான் சார் நான் தள்ள முடியும்” என்றார் நாற்காலிக்காரர், பாவம்.

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கால் பிரேக்கைத் தேடியது. அந்த நேரம் பார்த்து பச்சையம்மாள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். பயணம் கிளம்பும்போது சக்கரத்தடியில் பழம் நசுக்காமல் அவர்கள் எங்கேயும் போனதில்லை. விமானத்தின் சக்கரத்துக்கிட்டே யாரும் விட மாட்டார்கள் என்று நாற்காலிக்காரர் சொன்னதும், “அப்ப இந்த சக்கரத்துக்காவது வைப்பா” என்று முருகையனின் நாற்காலிக்கு அடியிலேயே வைத்துவிட்டாள். பளபளவென்று இருந்த தரையில் பழம் நசுங்கிச் சாறு தெறித்தது. சுற்றியிருந்த ஜனம் திரும்பிப் பார்த்தது. முருகையனுக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

விமானத்தில் அவருக்குப் பக்கத்து சீட்டில் வல்லரசு என்று ஒரு கடலூர்க்காரன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக், லீவு முடிந்து திரும்புகிறவன். வண்டி நகர ஆரம்பித்ததுமே முருகையன் கால் தரையை அழுத்துவதைப் பார்த்துவிட்டான்.

“பயப்படாதீங்க பெரியவரே. உலகத்துலயே பிளேன்தான் சேஃப்டி. நான் எத்தன வாட்டி போயிருக்கேன்! ரெண்டு பைலட் இருப்பாங்க. ஒருத்தருக்கு ஏதாவது ஆனாலும் இன்னொருத்தர் பார்த்துப்பாரு. ரெண்டு பேருக்கும் வேற வேற சாப்பாடுன்னா பாத்துக்கங்களேன்.”

“அவங்ககிட்ட யாரு பேசிட்டு வர்றது?” என்று இந்தப் பக்கத்திலிருந்து பச்சையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தருக்கு ஒருத்தர் பேசிப்பாங்கம்மா.”

“ரெண்டும் டிரைவரு. டிரைவரும் டிரைவரும் பேசினா சண்டதான் வரும்” என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

சாப்பாடு வந்தது. முருகையன் தொடவில்லை. இறுக்கிப் பிடித்த கையை எடுத்தால் விமானம் விழுந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருந்தார். காலையில் மாத்திரை போட்டிருந்தார். பச்சையம்மாள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். “எறங்கி சாப்பிட்டுக்கறேன்மே” என்றார்.

கீழே கடல் தெரிய ஆரம்பித்த சமயம், முன்பக்கம் பணிப்பெண்கள் அவசரமாக நடந்தார்கள். திரை இழுத்து மூடப்பட்டது. யாரோ ஒரு டாக்டரம்மா சீட்டை விட்டு எழுந்து போனாள். பிறகு ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. ஆங்கிலத்தில் சொல்லி, பின்னாலேயே தமிழிலும் சொன்னது. தன் பெயர் தேவிப்ரியா, துணை விமானி. கேப்டனுக்கு உடல்நிலை சரியில்லை. விமானத்தை இப்போது தானே இயக்குவதாகவும், மும்பையில் இறங்கப் போவதாகவும், யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னது.

கவலைப்பட வேண்டாம் என்றதும்தான் எல்லாருக்கும் கவலை வந்தது. உலகத்திலேயே சேஃப்டி என்ற வல்லரசு, “ஐயோ, எம்மாவ நான் பாக்க முடியாதா” என்று குரலெடுத்து அழ ஆரம்பித்தான். பச்சையம்மாள் முருகையனைத் தாண்டிக் கையை நீட்டி அவன் நெற்றி நிறைய விபூதியைப் பூசினாள். கண்ணிலும் கொஞ்சம் போயிற்று. அதற்கும் சேர்த்து அழுதான்.

“தே, சும்மா இரு தம்பி. ஓட்டறது பொம்பளப் புள்ளதானே? அப்ப தூங்க மாட்டா” என்றாள். “ஆனா ஒத்தையில இருக்குதே பாவம். நான் வேணா போயி பக்கத்துல உக்காரட்டுமா?”

சொன்னதோடு நிற்காமல் பெல்ட்டையும் கழற்றிவிட்டாள். ஒரு பணிப்பெண் ஓடிவந்து உட்கார வைத்தாள். உள்ளே யாரையும் விட முடியாது என்று அவள் எடுத்துச் சொன்னதற்கு, “நான் ஒண்ணும் தொட மாட்டேன்மா, பேச மட்டும் செய்வேன்” என்று பச்சையம்மாள் வாதாடினாள். அந்தக் களேபரத்திலும் பின் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

முருகையனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மயக்கம். டிரைவருக்கு மயக்கம். பின்னால் இத்தனை பேர் நம்பி உட்கார்ந்திருக்கும்போது. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது புளியமரமாகத் தெரிந்தது. ஸ்டியரிங் தன் கையில் இல்லாதபோது அந்த மரம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தார். உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. விமானம் இறங்க ஆரம்பித்ததிலிருந்து நிற்கும்வரை அவர் கால் தரையை விட்டு எழவே இல்லை.

தேவிப்ரியா பூப்போல இறக்கிவிட்டாள். ஜனம் கைதட்டியது. வல்லரசு எழுந்து நின்று கைதட்டினான். முருகையனும் எழுந்து நிற்கப் பார்த்தார். கண் இருட்டியது, காது அடைத்தது, அப்படியே வல்லரசு மேல் சாய்ந்தார். அவன் மறுபடி “ஐயோ” என்றான்.

கண் விழித்தபோது விமான நிலையத்து மருத்துவ அறையில் இருந்தார். கையில் ஊசி, மேலே குளுக்கோஸ் பாட்டில், கால்மாட்டில் பச்சையம்மாள். அடுத்த கட்டிலில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் சாய்ந்திருந்தார். தோள்பட்டையில் தங்க நிறக் கோடுகள். மார்பில் என்னென்னவோ ஒயர். நம்ம விமானத்து டிரைவர்தான். அவர் பெயர் அருணகிரி, சொந்த ஊர் காட்பாடி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வருவதற்குள் பச்சையம்மாள் அவர் கோத்திரம் தவிர மற்றதெல்லாம் கேட்டு வைத்திருந்தாள்.

டாக்டர் இந்தியில் ஏதோ கேட்டார். கேப்டன்தான் தமிழில் சொன்னார். “ஐயா, இந்த மாதிரி மயக்கம் இதுக்கு முன்னாடி வந்திருக்கான்னு கேக்கறார்.”

முருகையன் பச்சையம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“இல்லீங்க சார். இதான் மொத வாட்டி.”

கேப்டன் அதை அப்படியே இந்தியில் சொன்னார். டாக்டர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். முருகையன் கேப்டன் பக்கம் திரும்பினார். தொழில்காரனுக்குத் தொழில்காரன் கேட்கிற கேள்வி ஒன்று அவருக்கு இருந்தது.

“உங்களுக்கு இன்னா சார் ஆச்சு?”

“திடீர்னு கண்ணு இருட்டிடுச்சு. கொஞ்ச நேரந்தான். உடனே தெளிஞ்சுட்டேன்.”

“தெளிஞ்சுடுச்சா?” முருகையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “தெளிஞ்சப்புறம் எதுக்கு சார் வெளிய சொன்னீங்க? கமுக்கமா ஓட்டினு போயிருக்கலாமே. இப்ப உங்க வேல?”

“லைசென்ஸ நிறுத்தி வெப்பாங்க. டெஸ்ட் எல்லாம் எடுக்கணும். திரும்ப ஏத்துவாங்களான்னு தெரியல.” கேப்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்பதை முருகையன் அப்போதுதான் கவனித்தார். “சொல்ல வேணாம்னுதாங்க மொதல்ல நினைச்சேன். அந்தப் பொண்ணு தேவிப்ரியா திரும்பிப் பாத்து, ‘சார், நல்லா இருக்கீங்களா’ன்னு கேட்டா. இல்லன்னு வாயில வந்துடுச்சு. அவ்ளோதான்.”

ஆண்பிள்ளை அழுதால் முருகையனுக்குத் தாங்காது. அதுவும் ஒரு டிரைவர் அழுதால்? கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல காரியம் பண்ணீங்க சார். அழாதீங்க. நீங்க மறைச்சிருந்தா எங்க கதி இன்னா ஆயிருக்கும்? கொழந்த குட்டின்னு எத்தன பேரு, உங்கள நம்பித்தானே ஏறி உக்காந்தோம்? தெளிஞ்சுடுச்சேன்னு வாய மூடிக்கினு ஓட்டறவன்லாம் மனுசனா சார்?”

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. பச்சையம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை இன்னும் வாயில்தான் இருந்தது. தினமும் காபி கொடுக்கும்போது ‘உடம்பு எப்படிக்கிது’ என்று அவள் கேட்டதும், தினமும் தான் ‘எனக்கு இன்னா’ என்று சொன்னதும் அவருக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது. இத்தனை வயதுக்கு அப்படியொரு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

டாக்டர் திரும்பி வந்தார்.

“சார்” என்றார் முருகையன் கேப்டனிடம். “அவரு கேட்டப்ப இல்லன்னு சொன்னேன் பாருங்க. அத மாத்தி சொல்லிடுங்க. மூணு வாட்டி வந்துருக்குது.”

பச்சையம்மாள் வாயிலிருந்து முந்தானை விழுந்தது. “மூணா? ஒண்ணுதானேய்யா!”

“ஒண்ணு நீ பாத்தது. இன்னொண்ணு அவலூர்பேட்ட ரோட்டுல, நான் மட்டுந்தான் இருந்தேன்.”

“இன்னொண்ணு?”

முருகையன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

“பொங்கலுக்கு வந்துட்டு அருணா திரும்பிப் போறப்ப. ஏர்போர்ட்டுக்கு ஓட்டினு போனேனே. திண்டிவனம் தாண்டி நிறுத்திட்டு டீ குடிக்கணும்னு சொன்னேன், நேரமாவுதுன்னு நீ கூட திட்டினியே. டீக்கு நிறுத்தலமே. ரோடு தெரியல. எப்படி நிறுத்தினேன்னு எனக்கே தெரியாது.”

கேப்டன் இந்தியில் சொல்வதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். பச்சையம்மாள் எழுந்து வந்தாள். ஊசி குத்தாத பக்கத்துத் தோளில் பளார் பளார் என்று அடித்தாள்.

“அவ வயித்துப் புள்ளையோட என் மடியில படுத்தினு வந்தாளேய்யா! பாவி மனுசா, என் மடியிலதானேய்யா படுத்திருந்தா!”

அடித்த கையாலேயே அவர் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முருகையன் அசையவில்லை. அவள் ஓயும்வரை இருந்துவிட்டு, “ஃபோன குடு” என்றார்.

ராஜா உடனே எடுத்தான். “ணா! மஸ்கட் போய்ச் சேந்துட்டீங்களா?”

“ராஜா, சித்திரையில அடி அண்ணாமலைக்காரங்க திருப்பதி டிரிப்பு இருக்குதில்ல, அத நீ போயிடு. வண்டியும் நீயே வெச்சுக்க. இனிமே நான் எடுக்கல.”

“இன்னாண்ணா இப்படி சொல்றீங்க? பேரப்புள்ளயோட ஜாஸ்தி நாள் தங்கப் போறீங்களா?”

நல்ல பையன். பொய்யைக்கூட அவனே தயார் செய்து கையில் கொடுத்தான். ஆமாம் என்று சொன்னால் போதும்.

“இல்ல ராஜா” என்றார் முருகையன். “ஓட்டறப்ப எனக்கு மயக்கம் வருது.”

ஸ்டாண்டு இரைச்சலில் அவனுக்குக் கேட்டிருக்காதோ என்று, இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.